நகர முடியாத கால்நடை: செசபீக் கழிமுகத்தில் சிப்பி வளர்ப்பு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மேரிலாந்து, வர்ஜீனியா என்ற இரண்டு மாநிலங்களையும் பிளந்துகொண்டு கிடக்கிறது செசபீக் விரிகுடா. பெயர்தான் விரிகுடா. உண்மையில் அது ஒரு பெரிய கழிமுகம். வடக்கிலிருந்து சஸ்குவஹானா ஆறு நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. தெற்கிலிருந்து அட்லாண்டிக் கடல் உப்புநீரை உள்ளே தள்ளுகிறது. நீளம் சுமார் 320 கிலோமீட்டர். ஆழமோ சராசரியாக 21 அடிதான். நம் ஊர்க் கிணறுகள் பல அதைவிட ஆழம்.

மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போக 1952-ல் கட்டிய பாலம் இருக்கிறது. ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடும். மக்காச்சோளம், சோயா, நடுவே பைன் மரத் தோப்பு, தெற்கே போகப்போக நீள நீளமான கோழிப் பண்ணைக் கொட்டகைகள். எந்தச் சாலையில் போனாலும் சற்று நேரத்தில் ஒரு ஓடையோ கழியோ குறுக்கிடும். வயலின் கடைசிச் சாலும் கழியின் கரையும் ஒட்டிக்கொண்டே இருக்கும் பூமி அது. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சிப்பியின் கதை அங்கேதான் முடிச்சுப் போடுகிறது.

செயின்ட் மைக்கேல்ஸ் என்ற சிற்றூரைத் தாண்டி இன்னும் தெற்கே போனால் டில்மன் தீவு. தீவுக்குள் போக ஒரு தூக்குப்பாலம். படகு வந்தால் பாலம் மேலே எழும், கார்கள் காத்திருக்கும். இந்தத் தீவுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவே, சாப்டேங்க் ஆற்றின் வாயருகே உள்ளே நுழைகிற ஒரு கழிதான் ஹாரிஸ் கிரீக். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாம்பல் நிறத் தண்ணீர், நண்டுக் கயிறு போடுகிற ஓரிரு படகுகள், கரையில் வீடுகள். தண்ணீருக்கு அடியில்தான் சங்கதி. 2011 முதல் 2015 வரை இந்தக் கழியின் அடித்தரையில் சுமார் 350 ஏக்கரில் சிப்பித் திட்டுகளை மறுபடி உண்டாக்கினார்கள். இறக்கிய குஞ்சுகளின் எண்ணிக்கை 200 கோடிக்கு மேல். செலவு பல கோடி டாலர்.

தன் வாழ்நாளில் ஓர் அங்குலம்கூட நகராத ஒரு உயிருக்கு இத்தனை பாடு எதற்கு?

ஓடும் போய்விட்டது

நம் ஊரில் சிப்பி என்றால் முத்து நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் சுண்ணாம்பு, கோழித் தீவனத்தில் கலக்கிற ஓட்டுத்தூள். செசபீக்கில் அது முதலில் உணவு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயிலும் டப்பாவில் அடைக்கும் ஆலையும் வந்தபின், சிப்பி அந்தக் கரையின் தங்கமானது. எல்லை மீறி வாருகிறவர்களைப் பிடிக்க மேரிலாந்து அரசு 1868-ல் தனிப் படகுக் காவல் படையே வைத்தது; துப்பாக்கிச் சண்டைகளும் நடந்தன. 1884-85 பருவத்தில் மேரிலாந்தில் மட்டும் ஒன்றரைக் கோடி புஷல் அள்ளினார்கள். புஷல் என்பது ஏறக்குறைய 46 லிட்டர் பிடிக்கிற கூடைக் கணக்கு.

அள்ளியது சதையை மட்டும் அல்ல. ஓடும் திரும்பிப் போகவில்லை. அது சாலைக்குப் போனது, சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, புளித்த மண்ணைத் திருத்த வயலுக்குப் போனது, கோழிக்குப் போனது. கிறிஸ்ஃபீல்ட் என்ற ஊரின் ஒரு பகுதி சிப்பி ஓட்டைக் கொட்டி நிரப்பிய தரையின்மேல்தான் நிற்கிறது. ஒரு சிப்பிக் குஞ்சு ஒட்டிக்கொள்ள இன்னொரு சிப்பியின் ஓடுதான் வீடு என்பதால், விதையையும் நிலத்தையும் சேர்த்தே விற்றுவிட்டார்கள் என்று சொல்லலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் வில்லியம் புரூக்ஸ் 1891-லேயே இதை எச்சரித்துப் புத்தகம் எழுதினார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பின்னால் நோய் வந்தது. டெர்மோ என்ற ஒட்டுண்ணி நோயை 1949-ல் அங்கே கண்டார்கள். எம்எஸ்எக்ஸ் என்ற இன்னொன்று 1959-ல் வந்து சேர்ந்தது. மனிதர்களுக்கு இவற்றால் தீங்கில்லை. சிப்பிகள் மட்டும் திட்டுத் திட்டாகச் செத்தன. 2003-04 பருவத்தில் மேரிலாந்தின் அறுவடை சுமார் 26,000 புஷலுக்குச் சரிந்தது.

வாழ்நாளில் ஒரே ஒரு முறை

சிப்பியின் பிறப்பு தண்ணீரில் நடக்கிறது. கோடையில் தண்ணீர் சூடேறும்போது ஆண் விந்தையும் பெண் முட்டையையும் வெளியே விடும். ஒரு பெண் சிப்பி கோடிக்கணக்கில் முட்டையிடும். கருவுற்ற முட்டையிலிருந்து வரும் லார்வா இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தோடு மிதக்கும். அந்தக் கட்டத்தின் கடைசியில் அதற்கு ஒரு கண்புள்ளியும் சின்னக் காலும் முளைக்கும். அடியில் இறங்கி, அந்தக் காலால் தடவித் தடவி இடம் பார்க்கும். பிடித்த ஓடு கிடைத்ததும் ஒருவகைச் சிமெண்டைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். கால் கரைந்து போகும். அவ்வளவுதான். சேறு மூடினாலும், உப்பு குறைந்தாலும், பிராணவாயு தீர்ந்தாலும் அது அங்கேதான்.

ஆட்டுக்குப் பசித்தால் கத்தும். மாட்டுக்குக் கழுத்துக்கயிறு இறுகினால் இழுக்கும். சிப்பிக்குத் தெரிந்த ஒரே பதில் ஓட்டை மூடிக்கொள்வது. மூடிக்கொண்டு பிராணவாயு இல்லாமலேயே நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அப்போது உள்ளே அமிலம் சேரும். அதைச் சரிக்கட்டத் தன் ஓட்டின் சுண்ணாம்பையே சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்ளும். அந்த இருப்பும் தீர்ந்தால் ஓடு தானாகத் திறந்துகொள்ளும். திறந்த சிப்பியைத் தட்டிப் பார்த்து அது மூடாவிட்டால் செத்ததாகக் கணக்கு.

அதற்கு வலிக்குமா? இந்தக் கேள்வி விளையாட்டுக் கேள்வி அல்ல. சிப்பிக்கு மூளை கிடையாது. சில நரம்பு முடிச்சுகள் உண்டு. நிழல் பட்டால் மூடிக்கொள்ளும், தொட்டால் சுருங்கும். அது வலியா, வெறும் நரம்பின் எதிர்வினையா என்பதில் முடிவு இல்லை. விலங்கு நலனுக்காக எழுதிய தத்துவ ஆசிரியர் பீட்டர் சிங்கர், 1975-ல் இறாலுக்கும் சிப்பிக்கும் இடையே எங்கோ கோடு போடலாம் என்றார். 1990-ல் வந்த திருத்திய பதிப்பில் சிப்பிக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்தார். பிரிட்டன் 2022-ல் கொண்டுவந்த சட்டம் நண்டு, இறால், கணவாய் வரைக்கும் உணர்வுள்ள உயிர்கள் என்று ஏற்றுக்கொண்டது. சிப்பியைச் சேர்க்கவில்லை.

சட்டம் சேர்க்காததால் கவலை இல்லை என்று விட்டுவிட முடியாது. வலி இருக்கிறதோ இல்லையோ, அந்த உடல் நலமாக இருக்கிறதா, நலிகிறதா என்பது கண்ணால் பார்க்கக் கூடியது. ஓட்டின் ஓரத்தில் புதிய வளர்ச்சி மெல்லிய தகடாக நீள்கிறதா, சதை கொழுத்திருக்கிறதா, தண்ணீர்போல் வெளுத்துக் கிடக்கிறதா, தட்டினால் எவ்வளவு வேகத்தில் மூடுகிறது என்று நல்ல வளர்ப்பாளர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரே உரிமையைச் சிப்பியின் காலிலிருந்து மனிதர் தம் கைக்கு எடுத்துக்கொண்டபின், இடம் தவறினால் பழி சிப்பியின்மேல் இல்லை.

கூண்டில் வளர்ப்பது

மேரிலாந்து 2009-ல் குத்தகைச் சட்டத்தைத் திருத்தி, கழியின் அடித்தரையையும் நீர்ப்பரப்பையும் தனியார் சிப்பிப் பண்ணைக்குத் தாராளமாக விட்டது. வர்ஜீனியாவில் அதற்கு முன்பே பண்ணைகள் வளர்ந்துவிட்டன. முறை எளிது. பொரிப்பகத்திலிருந்து வாங்கிய குஞ்சுகளை வலைப்பையிலோ கம்பிக் கூண்டிலோ போட்டு, அடித்தரையில் வைக்கிறார்கள் அல்லது மிதக்க விடுகிறார்கள். தீவனம் போட வேண்டியதில்லை. தண்ணீரை வடித்து அதிலுள்ள நுண்பாசியைத் தானே உண்ணும். நல்ல சூழலில் வளர்ந்த ஒரு சிப்பி ஒரு நாளில் 190 லிட்டர் வரை வடிக்கும் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் கணக்கு. அது உச்ச அளவு. எல்லா நாளும் அப்படி நடக்காது.

தீவனச் செலவு இல்லை என்பதால் வேலை இல்லை என்று அர்த்தம் இல்லை. பையில் நெருக்கடி கூடினால் நடுவில் உள்ளவற்றுக்கு ஓட்டம் போய்ச் சேராது. ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோணலாகும். எனவே சில வாரங்களுக்கு ஒருமுறை சலித்து, அளவு பிரித்து, இடம் கொடுக்க வேண்டும். சலிக்கும் உருளையில் உருளும்போது ஓட்டின் மெல்லிய ஓரம் உடையும். சிப்பி மறுபடி ஓரத்தைக் கட்டும். அதனால் ஓடு கிண்ணம்போல் குழிந்து, விலை கூடும். கிட்டத்தட்ட கவாத்து மாதிரிதான். ஆனால் கவாத்துக்கும் கணக்கு உண்டு. அடிக்கடி உருட்டினால், ஓடு கட்டவே சக்தி போய்ச் சதை வற்றிவிடும்.

மிதக்கும் கூண்டின்மேல் பாசியும் கொட்டலசும் படியும். அவற்றைக் கொல்லக் கூண்டைப் புரட்டி ஒரு நாள் வெயில் காட்டுவார்கள். சிப்பி வாயை மூடிக்கொண்டு தாங்கும். மற்றவை காய்ந்து சாகும். இந்த உத்தி முழுக்கச் சிப்பியின் பொறுமையில் நிற்கிறது. கடும் வெயில் நாளில், அல்லது முந்தின வாரம்தான் சலித்துக் களைத்த கூட்டத்துக்கு, அதே ஒரு நாள் சாவாக முடியலாம். நாளைப் பார்த்து, வானத்தைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது.

பண்ணைகளில் பெரும்பாலும் வளர்ப்பது மும்மடிச் சிப்பி. இரண்டு மடங்கு குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மடங்கு. விதையில்லாத் தர்பூசணியைப்போல மலடு. இனப்பெருக்கத்துக்குச் சக்தியைச் செலவிடாததால் வேகமாக வளர்ந்து, பல இடங்களில் ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் மூன்று அங்குலத்தைத் தொட்டுவிடும். கோடையிலும் சதை கெடாது. விவசாயிக்கு இது பெரிய லாபம். இன்னொரு பக்கமும் உண்டு. வர்ஜீனியாவின் சில பண்ணைகளில், வசந்தத்தின் கடைசியிலும் கோடைத் தொடக்கத்திலும், நோய் எதுவும் பிடிபடாமலேயே மும்மடிச் சிப்பிகள் கூட்டமாகச் செத்திருக்கின்றன. வீரிய ரகத்தை எல்லா நிலத்துக்கும் ஒன்றுபோலப் பரிந்துரைத்து அடிபட்ட நம்மூர் அனுபவம் இருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

உப்பு விஷயம் இதைவிடக் கடினம். உப்பு கூடினால் நோய்க்கிருமிகளுக்குக் கொண்டாட்டம். உப்பு மிகவும் குறைந்தால் கிருமி ஒடுங்கும். நாள் நீண்டால் சிப்பியும் சாகும். 2018-லும் 2019-லும் மழை கொட்டி ஆறுகள் பெருகியபோது, மேரிலாந்தின் மேற்பகுதித் திட்டுகளில் சிப்பிகள் நன்னீரில் மூடிக்கிடந்தே செத்தன. கேரளத்தின் அஷ்டமுடி, வேம்பநாடு காயல்களில் சிப்பி வளர்க்கும் குடும்பங்கள் இந்தப் பாடத்தை நாட்காட்டியாகவே மாற்றிக்கொண்டன. அங்கே 1990-களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அறிமுகம் செய்த முறைப்படி, ஓடு கோத்த கயிறுகளை மழை ஓய்ந்தபின் மூங்கில் சட்டத்தில் தொங்கவிடுகிறார்கள். இயற்கையாக வரும் குஞ்சு அதில் ஒட்டுகிறது. தென்மேற்குப் பருவமழை இறங்கிக் காயல் நன்னீராகும் முன், மே மாதத்துக்குள் அறுவடை முடிந்துவிடும். மழையில் விட்டுவைத்துச் சாகக் கொடுப்பதில்லை. செசபீக்கில் அந்த வசதி இல்லை. அங்கே சிப்பி இரண்டு மூன்று மழைக்காலத்தைத் தாண்டியாக வேண்டும்.

அறுவடைக்குப் பிறகும் சிப்பி உயிரோடுதான் இருக்கிறது. பனிக்கட்டியிலும் குளிர் அறையிலும் வாரக்கணக்கில் உயிர் தங்கும். கோடையில் எடுத்தவற்றைக் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் குளிர்விக்க வேண்டும் என்று விதி உண்டு. விப்ரியோ என்ற கிருமி பெருகி, தின்பவரைச் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி அது. வெயிலில் மூட்டையாகக் கிடந்து அவிவதிலிருந்து சிப்பியும் அதனால் தப்புகிறது. கடைசியில் கத்தி ஓட்டின் மூட்டில் நுழைந்து, மூடும் தசையை அறுக்கிறது. பலர் அதைப் பச்சையாகவே விழுங்குகிறார்கள். குளிர்ந்து ஒடுங்கிய சிப்பிக்கு ஒரே வெட்டில் முடிவதும், பழகாத கை நாலுமுறை குத்திக் கிளறுவதும் ஒன்றல்ல என்பது எந்தக் கசாப்புக்காரருக்கும் தெரியும்.

சாகத் தெரிந்தே இறக்குவது

ஹாரிஸ் கிரீக் பண்ணை அல்ல. அங்கே அறுவடை கிடையாது. 2010-ல் மேரிலாந்து தன் சிப்பித் திட்டுகளில் ஏறக்குறைய கால் பங்கைக் காப்பிடமாக அறிவித்தது; இந்தக் கழி அதில் ஒன்று. இங்கே இறக்கிய குஞ்சுகள் பெரும்பாலும் சாப்டேங்க் ஆற்றங்கரையில் கேம்பிரிட்ஜ் ஊருக்கு அருகே, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஹார்ன் பாயிண்ட் ஆய்வகப் பொரிப்பகத்தில் பிறந்தவை. தாய்ச் சிப்பிகளை வெதுவெதுப்பான நீரில் வைத்து முட்டையிடத் தூண்டுகிறார்கள். லார்வாவுக்குக் கால் முளைக்கும் பருவத்தில், கழுவிய பழைய ஓடுகள் நிறைந்த தொட்டிகளில் விடுகிறார்கள். ஒட்டியபின் ஓட்டோடு படகில் ஏற்றி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழியில் தள்ளுகிறார்கள்.

அவற்றில் பெரும்பங்கு முதல் ஆண்டைத் தாண்டாது. நண்டு தின்னும், தட்டைப்புழு தின்னும், சேறு மூடும். தள்ளுகிறவர்களுக்கும் அது தெரியும். ஓர் ஆட்டுக்குட்டி செத்தால் துடிக்கிற விவசாயிக்கு இந்தக் கணக்கு உறுத்தலாக இருக்கும். இயற்கையில் கோடி முட்டையில் ஒன்றிரண்டுதான் பிழைக்கும், பொரிப்பகம் அந்த விகிதத்தைக் கூட்டியிருக்கிறது என்பது ஒரு பதில். ஆனால் இன்னொரு பதில்தான் பொருத்தமானது: இறக்கும் முன்பு என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஹாரிஸ் கிரீக்கில் முதலில் ஒலிக்கருவி கொண்டு அடித்தரையைப் படமெடுத்தார்கள். எங்கே கெட்டித் தரை, எங்கே சேறு, எங்கே பழைய திட்டின் மிச்சம் என்று பிரித்தார்கள். கெட்டித் தரை இல்லாத இடத்தில் ஓட்டையோ கல்லையோ பரப்பி மேடாக்கினார்கள். சேற்றில் கொட்டிவிட்டு 'நட்டுவிட்டோம்' என்று எண்ணிக்கை காட்டினால், உயிரோடு புதைத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

போதுமான ஓடு கிடைக்கவில்லை என்பதால்தான் கல்லுக்குப் போனார்கள். அதில் சண்டை வந்தது. நண்டுக் கயிறு கல்லில் சிக்குகிறது, படகின் அடிப்பகுதி தட்டுகிறது என்று மீனவர்கள் கொதித்தார்கள். அவர்கள் பாட்டன் பூட்டன் வாரிய இடத்தை மூடிவிட்டு, அதிலேயே கல்லையும் கொட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்? அவர்கள் தரப்பில் ஒரு வாதமும் உண்டு: வாரியால் கிளறினால் ஓட்டின் மேலுள்ள சேறு கழுவப்பட்டுப் புதுக்குஞ்சு ஒட்ட இடம் கிடைக்கும் என்பார்கள். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. வாரினால் திட்டின் உயரம் குறைந்து, சேறு இன்னும் சீக்கிரம் மூடும் என்கிறார்கள். பிற்பாடு முக்குளிப்பவர்கள் இறங்கிச் சதுரமாகக் குறித்து எண்ணியபோது, ஹாரிஸ் கிரீக்கின் பெரும்பாலான திட்டுகளில் குறித்த அளவுக்கு உயிர்ச் சிப்பிகள் இருந்தன. ஓட்டுப் பஞ்சம் மட்டும் தீரவில்லை. உணவகங்களில் தின்றுபோட்ட ஓட்டை வாளி வாளியாகச் சேகரித்து, மாதக்கணக்கில் வெயிலில் ஆறவைத்து, கழுவித் திரும்ப எடுத்துவருகிறார்கள். நூறு வருடம் முன்பு சாலைக்குக் கொட்டிய பொருள்.

கழிக்கு மேலே வயல்

இவ்வளவு பார்த்து இறக்கிய சிப்பியும் ஒன்றுக்கு முன்னால் தோற்கிறது. செசபீக்கில் வந்து விழும் தண்ணீர் ஆறு மாநிலங்களின் நிலத்தைக் கழுவிக்கொண்டு வருகிறது. மக்காச்சோளத்துக்குப் போட்டு மிஞ்சிய தழைச்சத்தும், கோழி எருவை ஆண்டாண்டாய்க் கொட்டியதால் மண்ணில் தேங்கிய மணிச்சத்தும் மழையோடு இறங்குகின்றன. நகரச் சாக்கடையும் சேர்கிறது. பாசி பெருகிச் செத்து அழுகும்போது, கோடையில் ஆழமான பகுதிகளில் பிராணவாயு தீர்ந்துபோகிறது. மீன் விலகிப் போய்விடும். நண்டு கரையை நோக்கி ஏறும். சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு காத்திருக்கும். திட்டுகளை ஆழம் குறைந்த இடங்களில் அமைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வாளர் ரோஜர் நியூவெல் 1988-ல் ஒரு கணக்குப் போட்டார். 1870-க்கு முன்பிருந்த சிப்பிகள் விரிகுடாவின் தண்ணீர் முழுவதையும் ஒரு வாரத்துக்குள் வடித்திருக்கும். 1988-ல் மிஞ்சியவற்றுக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும். இந்தக் கணக்கைக் காட்டி, சிப்பியை நிறைய இறக்கினால் அழுக்கு தீர்ந்துவிடும் என்று பேசுகிறவர்கள் உண்டு. கழிவு வருவதை நிறுத்தாமல் துப்புரவு ஆளை மட்டும் கூட்டுகிற யோசனை அது. அந்த ஆளோ மூச்சுத்திணறினாலும் வெளியே வர முடியாதவர்.

1997-ல் அந்தப் பக்கத்து ஆறுகளில் மீன்கள் புண்ணோடு மிதந்து பெரும் பீதி உண்டானது. மறு வருடமே மேரிலாந்தில் சட்டம் வந்தது: ஒவ்வொரு பண்ணையும் மண்ணைச் சோதித்து, எவ்வளவு உரம் என்று திட்டம் எழுதி வைக்க வேண்டும். 2015-ல் மணிச்சத்துக்குத் தனி விதி. ஏற்கெனவே மணிச்சத்து மிஞ்சிய வயலில் கோழி எரு போடுவது கட்டுக்குள் வந்தது. விவசாயிகளுக்கு இது இனிக்கவில்லை. விலை கொடுக்காமல் கிடைத்த எருவை விட்டுவிட்டு மூட்டை உரம் வாங்க வேண்டிய நிலை. அரசு, எருவை அது தேவைப்படும் வயல்களுக்கு ஏற்றிப் போக வண்டிக்கூலியில் பங்கு கொடுக்கிறது. ஓடைக்கரையில் மரமும் புல்லும் விட்டுவைத்தால் உதவி தருகிறது. அறுவடைக்குப் பின் மூடுபயிர் போட்டால் ஏக்கர் கணக்கில் பணம் தருகிறது.

அக்டோபர் மாதம் அங்கே சிப்பிப் பருவம் தொடங்குகிறது. காப்பிடத்துக்கு வெளியே உள்ள திட்டுகளில், இரண்டு நீண்ட கழிகளில் பூட்டிய கைவாரிகளோடு படகுகள் நிற்கும். அதே வாரங்களில் கரைமேல் மக்காச்சோளம் அறுத்த வயல்களில் ரை, கோதுமை, பார்லி விதைப்பு நடக்கும். இவை விற்பனைக்கு அல்ல; குளிர்காலம் முழுவதும் மண்ணில் மிஞ்சிய தழைச்சத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வசந்தத்தில் மடக்கப்படுவதற்கு. முந்தி விதைப்பவருக்கு மானியத்தில் கூடுதல் தொகை உண்டு.